பி-எக்ஸுக்கு எம் −1 ஆ, +1 ஆ? காந்தச் சக்திச் சொட்டெண் பற்றி ஒரு பதில்

திருகோணமலை உவர்மலையில் இருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எல் = 1 என்றால் எம் −1, 0, +1 என்ற மூன்று பெறுமானங்களை எடுக்கும் என்று படித்தோம். பி ஓபிற்றல்களும் மூன்று. ரியூசனில் பி-எக்ஸுக்கு −1 என்று எழுதித் தந்தார்கள். அக்காவின் பழைய கொப்பியில் பி-எக்ஸுக்கு +1 என்று இருக்கிறது. எது சரி? அணுவுக்குள் காந்தம் எதுவும் இல்லையே, பிறகு ஏன் இதற்குக் காந்தச் சக்திச் சொட்டெண் என்று பெயர்?"

தங்கச்சி, ரியூசன் குறிப்பும் சரியல்ல, அக்காவின் கொப்பியும் சரியல்ல. (புதியவர்களுக்கு: ஓபிற்றல் என்பது அணுவில் இலத்திரன் பரவியிருக்கும் அலை வடிவம். எல் அதன் கோண உந்தத்தின் பருமனைக் குறிக்கும் எண், எம் அந்தக் கோண உந்தத்தின் ஓர் அச்சு வழிக் கூறைக் குறிக்கும் எண், அதுவே காந்தச் சக்திச் சொட்டெண். பி-எக்ஸ், பி-வை, பி-இசெட் என்பவை அந்தந்த அச்சின் வழியே மடல்கள் நீண்ட மூன்று பி ஓபிற்றல்கள்.) பி-இசெட்டுக்கு எம் = 0 என்பது மட்டும் உண்மை. பி-எக்ஸுக்கும் பி-வைக்கும் இசெட் அச்சைப் பொறுத்துத் திட்டமான எம் பெறுமானமே கிடையாது. அவை ஒவ்வொன்றும் +1 ஐயும் −1 ஐயும் சரிபாதியாகக் கலந்து பெறப்பட்டவை. மூன்று எண்கள் இருக்கின்றன, மூன்று படங்களும் இருக்கின்றன என்பதற்காக ஒன்றுக்கொன்று கோடு போட்டு இணைத்துவிடும் பழக்கம்தான் குழப்பத்தின் வேர். எண்ணிக்கை பொருந்துவது உண்மை. ஆளுக்கு ஆள் பொருந்துவதில்லை.

இது விளங்க வேண்டுமானால் உங்கள் இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்க வேண்டும். ஏனெனில் இந்த எண் முதலில் கண்ணுக்குத் தெரிந்ததே ஒரு காந்தத்தின் நடுவில்தான்.

1896 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பீற்றர் சீமன் சோடியம் சுவாலையை வலுவான மின்காந்தத்தின் முனைவுகளுக்கு இடையே வைத்து அதன் மஞ்சள் ஒளியை ஆராய்ந்தார். காந்தம் அணைந்திருக்கும்போது மெல்லியதாக நின்ற நிறமாலைக் கோடுகள், காந்தத்தை இயக்கியதும் அகன்றன. கோடுகள் உண்மையில் பிரிகின்றன என்பது அடுத்து வந்த சோதனைகளில் தெளிவானது. என்றிக் லொரன்ஸ் இதற்கு விளக்கம் தந்தார். 1902 இல் இருவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. தொம்சன் இலத்திரனை இனங்கண்டது 1897 இல். அதற்கு முன்பே, அணுவுக்குள் மின்னேற்றம் கொண்ட ஏதோ ஒன்று அசைகிறது என்பதைச் சீமனின் சுவாலை காட்டிவிட்டது.

ஏன் பிரிகிறது? மின்னேற்றம் சுற்றினால் அது மின்னோட்டம். மின்னோட்ட வளையம் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். கோண உந்தம் உள்ள இலத்திரன் அப்படிப்பட்ட சிறு காந்தம்தான். புறக் காந்தப்புலம் இல்லாதவரை அது எந்தப் பக்கம் பார்த்தாலும் சக்தி ஒன்றே. புலம் வந்துவிட்டால் புலத்தோடு சாய்ந்து நிற்பதற்கு ஒரு சக்தி, எதிராக நிற்பதற்கு இன்னொரு சக்தி. சாய்வு எதுவாகவும் இருக்கலாம் என்றால் கோடு மங்கிய பட்டையாக விரிந்திருக்கும். ஆனால் சாய்வுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. 1916 இல் சொமர்பெல்ட் இந்தச் சாய்வுகளை எண்ணுவதற்குக் கொண்டுவந்த முழுவெண்தான் எம். எல் என்ற பெறுமானம் உள்ள ஒரு மட்டம் காந்தப்புலத்தில் 2எல் + 1 மட்டங்களாகப் பிரியும். பெயருக்கான காரணம் இவ்வளவுதான்: இந்த எண்ணின் வேறுபாடு சக்தியில் வெளிப்படுவதற்குக் காந்தப்புலம் வேண்டும்.

எவ்வளவு சக்தி என்பதையும் பார்த்துவிடுங்கள். 1 தெஸ்லா புலத்தில் அடுத்தடுத்த இரண்டு எம் மட்டங்களுக்கு இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 0.000058 இலத்திரன் வோல்ற்று. ஐதரசனில் 1எஸ் இல் இருந்து 2பி க்கு ஏற 10.2 இலத்திரன் வோல்ற்று தேவை. கட்மியத்தின் 643.8 நனோமீற்றர் சிவப்புக் கோடு அதே 1 தெஸ்லாவில் மூன்றாகப் பிரியும்போது, நடுக்கோட்டுக்கும் பக்கக்கோட்டுக்கும் இடைவெளி 0.019 நனோமீற்றர் அளவுதான். இத்தனை சிறிய பிரிவை வைத்துக்கொண்டு 1908 இல் வானியலாளர் ஜோர்ஜ் எலரி ஹேல் சூரியப் புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். சூரியனுக்கு யாரும் காந்தமானி கொண்டுபோகவில்லை. கோடுகள் பிரிந்திருந்தன, அதுவே போதுமாக இருந்தது.

இப்போது எம் என்ன சொல்கிறது என்பதைச் சரியாக வரையறுக்கலாம். எல் என்பது இலத்திரனின் கோண உந்தத்தின் மொத்தப் பருமனைத் தருகிறது: எல்(எல் + 1) இன் வர்க்கமூலம், பிளாங்கு மாறிலியை 2பை ஆல் வகுத்து வரும் அலகில். எல் = 1 எனின் அது 1.414. எம் என்பது அந்தக் கோண உந்தம் ஒரு குறித்த அச்சின் வழியே எவ்வளவு என்பதைத் தருகிறது, அதே அலகில். ஆகவே எம் = +1 எனின் 1.414 நீளமுள்ள காவியின் (பருமனும் திசையும் கொண்ட கணியத்தின்) அச்சு வழிக் கூறு 1. கோசைன் போட்டுப் பாருங்கள், அச்சுடன் 45 பாகை. எம் = 0 எனின் 90 பாகை. எம் = −1 எனின் 135 பாகை. காவி ஒருபோதும் முழுமையாக அச்சின் மேல் படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். 1 ஒருபோதும் 1.414 ஆகாது.

"ஒரு குறித்த அச்சு" என்று எழுதினேன் அல்லவா? அச்சைச் சொல்லாமல் எம் பெறுமானம் சொல்வது, எங்கிருந்து என்று சொல்லாமல் தூரம் சொல்வதற்குச் சமம். வழக்கமாக அந்த அச்சுக்கு இசெட் என்று பெயர் வைக்கிறோம். காந்தப்புலம் இருந்தால் அதன் திசையே இசெட். புலம் இல்லாவிட்டால் இசெட் எந்தத் திசை என்பது எங்கள் விருப்பம்.

எம் ஏன் முழுவெண்ணாக மட்டும் இருக்கிறது? 1926 இல் சுரோடிங்கர் தந்த சமன்பாட்டில் இலத்திரன் ஓர் அலைச் சார்பு. இசெட் அச்சைச் சுற்றி ஒரு முழுச் சுற்று, 360 பாகை, வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம். அலையும் புறப்பட்ட பெறுமானத்துக்கே திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே புள்ளியில் அலைக்கு இரண்டு பெறுமானங்கள் வந்துவிடும். எனவே ஒரு சுற்றுக்குள் முழு எண்ணிக்கையான அலைகளே அடங்கும். அந்த எண்ணிக்கைதான் எம். + குறி ஒரு திசையில் சுற்றும் அலை, − குறி எதிர்த்திசையில் சுற்றும் அலை, 0 எனின் சுற்றுதலே இல்லை.

இங்கேதான் பாடநூல் படத்துக்கும் எம் பெறுமானத்துக்கும் உள்ள உறவு முறிகிறது. எம் = +1 அலை இசெட் அச்சைச் சுற்றி ஒரே சீராக ஓடுகிறது. ஓடும் அலைக்கு எந்தப் பக்கமும் சிறப்பான பக்கம் அல்ல. ஆகவே அதன் இலத்திரன் அடர்த்தி எக்ஸ் பக்கம் குவிந்தோ வை பக்கம் குவிந்தோ இருக்க முடியாது. சுற்றிவர ஒரே அளவாக இருக்கும், அச்சின் மேல் பூச்சியமாக இருக்கும். உழுந்து வடையைத் தட்டில் வைத்து, துளைக்குள் நிமிர்த்திய ஈர்க்கை இசெட் அச்சு என்று எண்ணிக்கொள்ளுங்கள்: அதுதான் எம் = +1. எம் = −1 உம் அதே வடைதான், அடர்த்தியில் இம்மியும் வித்தியாசம் இல்லை. சுற்றும் திசை மட்டும் வேறு. எம் = 0 மாத்திரம் இசெட் அச்சின் வழியே மேலும் கீழும் இரண்டு மடல்களோடு இருக்கிறது, அதாவது எங்கள் பி-இசெட். எனவே −1, 0, +1 என்று உண்மையாகப் படம் வரைந்தால் இரண்டு வளையங்களும் ஒரு சோடி மடலும் வர வேண்டும். பாடநூலில் இருக்கும் மூன்று சோடி மடல்கள் வராது.

அப்படியானால் பி-எக்ஸ் எங்கிருந்து வந்தது? பௌதிகவியலில் நின்ற அலை படித்திருக்கிறீர்கள். எதிரெதிராக ஓடும் இரண்டு சம அலைகள் சேர்ந்தால் கணுக்கள் ஓரிடத்தில் நிலைத்துவிடும். +1 அலையையும் −1 அலையையும் சம அளவில் சேர்த்தால் சுற்றுதல் நின்று, எக்ஸ் அச்சின் இருபுறமும் அடர்த்தி குவிகிறது, இசெட்டும் வையும் அமைந்த தளம் அடர்த்தி பூச்சியமான கணுத்தளமாகிறது. இது பி-எக்ஸ். ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்தால் அதே வடிவம் 90 பாகை திரும்பி பி-வை ஆகிறது. காந்தப்புலம் இல்லாதபோது +1 க்கும் −1 க்கும் சக்தி ஒன்றே என்பதால் இந்தக் கலவைகளும் சுரோடிங்கர் சமன்பாட்டின் முறையான தீர்வுகளே. குறைந்த மதிப்புள்ளவை அல்ல, வரைவதற்காகச் செய்த ஏமாற்று வேலையும் அல்ல. இரண்டு தீர்வுகளில் இருந்து இரண்டு கலவைகள் வருவதால் எண்ணிக்கை மூன்றாகவே நிற்கிறது. 2எல் + 1 விதிக்குப் பழுது இல்லை.

பி-எக்ஸ் இலத்திரன் ஒன்றின் கோண உந்தத்தை இசெட் அச்சின் வழியே அளந்தால் பாதித் தடவை +1, பாதித் தடவை −1 கிடைக்கும். 0 ஒருபோதும் கிடைக்காது. சராசரிதான் 0. ஆனால் அதே இலத்திரனை எக்ஸ் அச்சின் வழியே அளந்தால் எப்போதும் 0. ஏனென்றால் பி-இசெட் இசெட்டுக்கு என்னவோ, பி-எக்ஸ் எக்ஸுக்கு அதுவேதான். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் ரியூசன் குறிப்பும் அக்காவின் கொப்பியும் ஏன் முட்டிக்கொண்டன என்பது தெளிந்துவிடும்.

டி ஓபிற்றல்களிலும் இதே கதை. எம் = 0 இற்கு உரியது டி-இசெட்-வர்க்கம். ±1 சோடியின் கலவைகள் டி-எக்ஸ்-இசெட், டி-வை-இசெட். ±2 சோடியின் கலவைகள் டி-எக்ஸ்-வை, டி-எக்ஸ்-வர்க்கம்-சய-வை-வர்க்கம். நான்கு ஒபிற்றல்கள் நான்கு மடல்களோடு ஒத்த வடிவத்தில் இருக்க, ஐந்தாவது மட்டும் இடுப்பில் வளையம் கட்டிக்கொண்டு நிற்பதேன் என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். காரணம் இதுதான். மற்ற நான்கும் சோடியாகக் கலந்து வந்தவை. அதற்குச் சோடி இல்லை.

எஸ் ஒபிற்றலில் எல் = 0, எம் = 0, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சோதனையை இங்கே குறிப்பிடாமல் விட மனமில்லை. 1922 இல் பிராங்போட்டில் ஸ்ரேர்ன், கேர்லாக் இருவரும் வெள்ளி அணுக்கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் ஊடே செலுத்தினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்தது. 2எல் + 1 என்பது எப்போதும் ஒற்றையெண், 1, 3, 5, 7 என்றுதான் போகும். இரண்டு அதில் வரவே வராது. வெள்ளியின் வெளி இலத்திரன் 5எஸ் இல் இருப்பதால் கற்றை பிரியாமலே போயிருக்க வேண்டும். அந்த இரண்டுக்கு விடை 1925 இல் ஊலன்பெக், கௌட்ஸ்மிற் இருவரும் முன்வைத்த கறங்கலில், அதாவது இலத்திரனுக்கு இயல்பாகவே உள்ள கோண உந்தத்தில், இருந்தது. நான்காவது சக்திச் சொட்டெண் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான நியாயம் எனக்குத் தெரியாது.

சரி, ஓடும் அலையா, நின்ற அலையா, எது உண்மையான ஒபிற்றல்? அணுவைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதே என் பதில். தனி அணு காந்தப்புலத்தில் இருந்தால் திட்டமான எம் கொண்ட ஓடும் அலைகளே பொருத்தம். பக்கத்தில் வேறு அணுக்கள் வந்து நின்றால் அவை திசைகளை நிர்ணயிக்கின்றன, அப்போது மடல்கள் கொண்ட நின்ற அலைகளே பொருத்தம். இரசாயனவியலில் நாங்கள் பெரும்பாலும் பேசுவது பிணைப்பை, அதனால்தான் எங்கள் நூல்களில் மடல்கள். நேர்கோட்டு மூலக்கூறுகளில் எம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதும் சுவையான செய்தி. பிணைப்பின் கோட்டை அச்சாக எடுத்தால் சிக்மா பிணைப்பு என்பது எம் = 0, பை பிணைப்பு என்பது எம் = ±1. நைதரசன் மூலக்கூறில் ஒரு சிக்மாவும் இரண்டு பையும் இருப்பது அந்த 0, +1, −1 கணக்கின் தொடர்ச்சியேயன்றி வேறில்லை.

இதைக் கையால் தொட்டுப் பார்க்க எங்கள் மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது. நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே போனால் புல்மோட்டை. அந்தக் கரையின் கறுத்த கனிய மணலில் இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கன், சிறிதளவு மொனசைற்று ஆகியவை கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் வழிகளில் ஒன்று வலுவான காந்தம். பழைய கணினி வன்தட்டில் இருந்து கழற்றிய நியோடிமியம் காந்தத்தை ஒரு கடதாசியில் சுற்றி அந்த மணலுக்கு மேல் பிடித்தால், கறுப்பு மணிகள் எழும்பி ஒட்டிக்கொள்ளும், சேர்க்கனின் வெளிறிய மணிகள் அசையாது. கறுப்பு மணிகளில் பெரும்பாலானவை இல்மனைற்று. அது இரும்பு தைத்தேனியம் ஒட்சைட்டு. அதிலுள்ள இரும்பு +2 அயனுக்கு 3டி இல் ஆறு இலத்திரன்கள். ஒபிற்றலுக்கு ஒன்றாக ஐந்து பெட்டிகள் வரைந்து, ஊண்டின் விதிப்படி, அதாவது முதலில் பெட்டிக்கு ஓர் இலத்திரனாக வைத்து, நிரப்பினால் ஒரு சோடி, நான்கு தனி இலத்திரன்கள். ரூற்றைலில் தைத்தேனியம் +4, சேர்க்கனில் சேர்க்கோனியம் +4. இரண்டிலும் டி பெட்டிகள் வெறுமை, காந்தம் பிடிப்பதற்குத் தனி இலத்திரன் எதுவும் இல்லை.

மொனசைற்றில் விடயம் இன்னும் ஆழமாகப் போகிறது. அதில் சீரியம், நியோடிமியம் போன்ற அருமண் மூலகங்கள். அவற்றின் தனி இலத்திரன்கள் 4எஃப் இல், எல் = 3, எம் −3 இல் இருந்து +3 வரை. 4எஃப் ஒபிற்றல்கள் நிரம்பிய 5எஸ், 5பி ஓடுகளுக்கு உள்ளே ஒதுங்கியிருப்பதால் பக்கத்து ஒட்சிசன்கள் அவற்றை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. இலத்திரன் அங்கே சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரும்பின் 3டி அப்படியல்ல. அது வெளியே நின்று பக்கத்து அணுக்களிடம் நேரடியாக அகப்படுகிறது. +எம் உம் −எம் உம் கலந்து மடல்களாக நின்றுவிடுகின்றன, சுற்றுதலால் வந்த காந்தம் பெரும்பாலும் போய்விடுகிறது, கறங்கலின் காந்தம் மட்டும் எஞ்சுகிறது.

எண்களில் பார்த்தால் வியப்பாக இருக்கும். இரும்பு +3 இலும் ஐந்து தனி இலத்திரன்கள், டிஸ்புரோசியம் +3 இலும் ஐந்து தனி இலத்திரன்கள். கறங்கலை மட்டும் வைத்துக் கணித்தால் இரண்டுக்கும் காந்தத் திருப்பம் 5.92 போர் மக்னெற்றன் (அணுக்களின் காந்த வலுவை அளக்கும் அலகு). இரும்பில் அளந்தாலும் ஏறத்தாழ 5.9 தான் வருகிறது: ஐந்து டி பெட்டிகளிலும் ஒவ்வோர் இலத்திரன், எம் பெறுமானங்களின் கூட்டுத்தொகை −2 − 1 + 0 + 1 + 2 = 0, சுற்றுதலின் பங்களிப்பு தொடக்கத்திலேயே இல்லை. டிஸ்புரோசியத்தில் வருவது ஏறத்தாழ 10.6. அதன் 4எஃப் இல் ஒன்பது இலத்திரன்கள். முதல் ஏழும் எம் கூட்டுத்தொகையைப் பூச்சியம் ஆக்குகின்றன, மீதி இரண்டும் +3, +2 என அமர்ந்து 5 ஐத் தருகின்றன. அந்த 5 தான் 5.92 ஐ 10.6 ஆக உயர்த்துகிறது. மணலை எழுப்பிய அந்த நியோடிமியம் காந்தமே தன் காந்தத் திசையை விடாமல் பிடித்து வைத்திருப்பதற்கும் நியோடிமியத்தின் 4எஃப் கோண உந்தம்தான் முக்கிய காரணம்.

இனிப் பரீட்சைக்கு வருவோம். "பின்வருவனவற்றுள் சாத்தியமற்ற தொகுதி எது" என்று கேட்டால் மேற்சொன்ன எதுவும் தேவையில்லை. எல் எப்போதும் என்-ஐ (1எஸ், 2பி என்பவற்றில் முன்னால் நிற்கும் முதன்மைச் சக்திச் சொட்டெண்ணை) விடச் சிறியதா, எம் −எல் க்கும் +எல் க்கும் இடையே நிற்கிறதா, கறங்கல் +1/2 அல்லது −1/2 ஆ என்று பார்த்தால் முடிந்தது. என் = 2, எல் = 2 வரவே முடியாது. எல் = 1, எம் = −2 உம் அப்படியே. 2பி இலத்திரன் ஒன்றின் சக்திச் சொட்டெண்களை எழுதச் சொன்னால் −1, 0, +1 இல் எதையும் எழுதலாம். பி-இசெட் என்று குறிப்பிட்டிருந்தால் மட்டும் 0. பெட்டிகளுக்குக் கீழே −1, 0, +1 என்று இடமிருந்து வலமாக எழுதுகிறார்களா, +1 இல் இருந்து தொடங்குகிறார்களா என்பதில் சண்டை பிடிக்காதீர்கள். இலத்திரன் இடப்பக்கப் பெட்டியில் இருந்து ஏறுவதும் இல்லை.

"ஒட்சிசனின் எட்டாவது இலத்திரனின் நான்கு சக்திச் சொட்டெண்களும் எவை?" என்று சில பயிற்சிப் புத்தகங்களில் ஒரு கேள்வி உண்டு. அது மோசமான கேள்வி. இலத்திரன்களுக்குள் எட்டாவது, ஏழாவது என்று அடையாளம் கிடையாது. புத்தகத்தின் பின்பக்க விடை உங்கள் விடையோடு ஒத்துவராவிட்டால், அந்த இடத்தில் உங்களைச் சந்தேகிக்க வேண்டாம்.